சரியும் பங்கில் 'புட்' விற்கலாமா? பிரீமியத்துக்குப் பின்னால் இருக்கும் ரிஸ்க் என்ன?

"பங்கு நல்லா இறங்கிடுச்சு. புட் வித்தா பிரீமியம் வரும். இன்னும் இறங்கினா பங்கே மலிவா கிடைக்கும்." ஆப்ஷன் வர்த்தகத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. சிக்கல் மீதிப் பாதியில்தான்.

புட் விற்பது என்றால் என்ன?

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்காரருக்கு விலை இறங்கிடுமோ என்று பயம் என வைத்துக்கொள்வோம். திருச்சி காந்தி மார்க்கெட் வியாபாரி ஒருவர், "மாசக் கடைசியில விலை என்னவா இருந்தாலும் மூட்டை 1,500-க்கு நான் வாங்கிக்கிறேன். அதுக்கு மூட்டைக்கு 30 ரூபாய் இப்பவே குடுங்க" என்கிறார்.

விலை ஏறினால் வியாபாரிக்கு லாபம் 30 ரூபாய் மட்டுமே. 1,200-க்கு விழுந்தாலும் அவர் 1,500 கொடுத்தே ஆகணும். புட் விற்பவர் இந்த வியாபாரி மாதிரிதான். 1,500 என்பது ஸ்ட்ரைக் விலை, 30 என்பது பிரீமியம்.

இண்டஸ்இண்ட் வங்கிப் பங்கில் என்ன நடந்தது?

2024 அக்டோபரில், காலாண்டு முடிவுகளுக்கு அடுத்த நாள் இந்தப் பங்கு சுமார் 19% விழுந்தது. 2025 மார்ச் தொடக்கத்தில் 900 ரூபாய் அளவுக்கு வந்திருந்தது. 'இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது' என்று தோன்றும் விலை அது.

மார்ச் 10-ல், டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதை வங்கி அறிவித்தது. மறுநாளே பங்கு சுமார் 27% சரிந்து, 656 ரூபாய் அருகே முடிந்தது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, ஸ்ரீரங்கத்தில் ஒருவர் 880 ஸ்ட்ரைக் புட்டை 15 ரூபாய்க்கு விற்றார், ஒரு லாட் 500 பங்குகள் என்று வைப்போம்.

- கைக்கு வந்தது: 7,500 ரூபாய்
- எக்ஸ்பைரியில் விலை 655 என்றால் நஷ்டம்: பிரீமியம் போக 1,05,000 ரூபாய்
- பங்குகளை எடுக்கத் தேவை: 4,40,000 ரூபாய்

தனிப் பங்கு ஆப்ஷன்கள் எல்லாமே 2019 அக்டோபர் முதல் டெலிவரி முறைதான். எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் முழுப் பணம் கொடுத்து பங்கை வாங்கணும். விலை விழ விழ மார்ஜினும் கூடுதலாகக் கேட்பார்கள்.

பிரீமியம் ஏன் அதிகமாக இருக்கிறது?

சரியும் பங்கில் பிரீமியம் கொழுத்திருப்பது சலுகை அல்ல, அது பயத்தின் விலை. பங்கு பூஜ்ஜியம் வரைகூட விழலாம். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது அதன் பங்கின் மதிப்பு பூஜ்ஜியமானது.

அப்போ விற்கவே கூடாதா?

மூன்று கேள்விகளுக்கு 'ஆமாம்' என்றால் மட்டும் யோசிக்கலாம்.

1. அந்த விலையில் இந்தப் பங்கை வருஷக்கணக்கில் வைத்திருக்கச் சம்மதமா?
2. முழுத் தொகையும் கையில் இருக்கிறதா?
3. பங்கு ஏன் இறங்குகிறது என்று தெரியுமா?

கீழ் ஸ்ட்ரைக்கில் ஒரு புட் வாங்கி வைத்தால், லாபம் கொஞ்சம் குறையும். ஆனால், நஷ்டத்துக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டமடைந்ததாக செபி ஆய்வு சொல்கிறது. பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன், டெலிவரிக்குக் கட்ட வேண்டிய தொகையைப் பாருங்கள்.