கிறெய்க் பாட்றிக்: ஒரு சிறு குன்றின் சான்று

ஸ்கொத்லாந்தின் வடபால் மலைநாட்டுக்குத் தலைநகர் போன்று விளங்குவது இன்வர்னெஸ். அதன் மேற்கெல்லையிற் கிறெய்க் பாட்றிக் என்னும் மரமடர்ந்த குன்று உளது. உயரம் ஏறத்தாழ 170 மீற்றர். பெருமலைகள் மலிந்த அந்நாட்டில் இஃது ஒரு பொருட்டன்று. ஆயினும் வரலாறு கற்பார்க்கு இது புகட்டும் பாடம் பெரிது.

அடிவாரத்திலிருந்து பைன் முதலிய ஊசியிலை மரங்களினூடே பாதை ஏறிச் செல்கின்றது. மரச்செறிவு நீங்கியவிடத்து, வடக்கே பியூலி கடற்கழி தோன்றும். கடல்வழியை நோக்கி நிற்கும் இவ்விடத்தைப் பண்டையோர் அரணாகக் கொண்டமை வியப்பன்று. உச்சியை அணுகுவார் புல் மூடிய இரு மதில்களின் மேட்டினைக் காண்பர். உள்மதில் வளைத்த நிலம் ஏறத்தாழ 75 மீற்றர் நீளமும் 23 மீற்றர் அகலமும் உடையது. அம்மதிலிற் சிலவிடங்களிற் கற்கள் உருகி ஒன்றோடொன்று பற்றிக் கண்ணாடி போல இறுகியுள்ளன.

இத்தகைய அரண்களைப் பற்றி 1777இல் நூலெழுதிய யோன் வில்லியம்ஸ், மதிலுக்கு உறுதி தரும்பொருட்டே கற்கள் உருக்கப்பட்டன எனக் கருதினார். 1937இல் கோடன் சைல்ட் என்னும் தொல்பொருளறிஞரும் வாலஸ் தோணிகுரொவ்ற் என்பவரும், மரச்சட்டங்களை இடையிட்டுக் கல்மதில் ஒன்றை எழுப்பித் தீயிட்டனர், கற்கள் உருகின. மதிலினுள் அமைந்த மரம் எரிவதாலேயே இந்நிலை உண்டாகலாம் என்பது புலனாயிற்று. உருகிய மதில் வலுவிழக்குமேயன்றி வலுப்பெறாது. எனவே, ஆக்கத்தின் அடையாளம் எனக் கொள்ளப்பட்டது அழிவின் அடையாளமாயிற்று.

இனி, பிக்தர் மன்னன் புரூடேயின் கோட்டை இக்குன்றிலேயே இருந்தது என்பது நெடுநாள் வழக்கு. 6ஆம் நூற்றாண்டில் அயோனாத் தீவினின்றும் வந்த கொலம்பா அடிகளுக்கு மன்னன் வாயில் திறவாதிருந்தான் என்றும், அடிகள் சிலுவைக் குறியிட்டுத் தட்டியதும் கதவு தானே திறந்தது என்றும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அடொம்நான் எழுதினார். கோட்டை நெஸ் ஆற்றின் அயலது என்பது அவர் நூலாற் பெறப்படும். குன்றின் பெயரை அவர் கூறினாரல்லர்.

1971இல் அகழ்வு நிகழ்ந்தது. கரிமக் காலக்கணிப்பு, மதிலைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டளவிற் கொண்டு நிறுத்திற்று. அதாவது, கொலம்பாவுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் முந்தியது. அவ்வாறாயின் வழக்குரையைப் பொய்யெனத் தள்ளிவிடலாமோ? அன்று. அதே அகழ்விற் பிரான்சின் மேற்குப் பகுதியிற் செய்யப்பட்ட மட்கலச் சில்லுகளும், தொங்குகிண்ணத்துக்குரிய அணி வார்க்கும் களிமண் அச்சும் கிடைத்தன. இவை கி.பி. 6ஆம், 7ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. எரிந்து பாழான அரணிலே பன்னூறு ஆண்டுகளின் பின் செல்வமும் செல்வாக்கும் உடையோர் மீண்டும் தங்கினர் என்க. அவருட் புரூடே ஒருவனாக இருந்திருக்கலாம். இருந்தான் எனத் துணிதற்குச் சான்றில்லை. இன்வர்னெஸ் அயலிலுள்ள வேறிடங்களையும் அவன் கோட்டைக்குரியனவாகக் கூறுவாருளர்.

மண்ணின் சான்று மேலும் உளது. 2015இற் புயலிலே சாய்ந்த மரம் ஒன்று உள்மதிலின் ஒரு பகுதியை வேரோடு பெயர்த்தது. அவ்விடத்தும் ஆய்வாளர் அகழ்ந்தனர். இத்தனை காலம் மதிலை மறைத்து நின்ற காடே அதனைச் சிதைத்தது, ஆராயவும் இடந்தந்தது.

மாணவர் ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், ஏடு ஒன்று கூறும், ஊர்வழக்கு ஒன்று கூறும், மண் பிறிதொன்று கூறும் என்பதே. அவற்றுள் ஒன்றையே பற்றி ஏனையவற்றை இகழ்பவர் எளிதில் முடிபு காண்பர், மெய் காணார். மூன்றனையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்துணைத் தூரம் செல்லும் என அளந்து, சான்று நின்றவிடத்தே தாமும் நிற்பவரே வரலாற்றாசிரியர்.