கலைக்களஞ்சியமும் சான்றாதாரமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வரலாற்றை முன்வைத்து

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி ஒரு நூற்றாண்டைக் கடந்தது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளியாயிற்று. இவ்விரண்டும் தனியொருவர் உழைப்பில் விளைந்தவை. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளைப் பதிப்பித்தது; அஃது அறிஞர் பலரின் கூட்டாக்கம். 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவோ எவரும் எழுதவும் திருத்தவும் இடந்தருவதாகும். 2017 மே மாதத்தில் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின.

அச்சுக் களஞ்சியங்கள் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் உருவானமையால் மலேசியத் தமிழர் அவற்றிற்குப் பெரும்பாலும் வாசகராகவே அமைந்தனர். இணையக் களஞ்சியம் அந்நிலையை மாற்றக்கூடியது. கருவியளவில் நமக்குக் குறையில்லை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985இலேயே தோன்றியது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. நமக்குள்ள குறை சான்றாதாரம் பற்றியதாகும்.

விக்கிப்பீடியா சொந்த ஆய்வை ஏற்பதில்லை. முன்னரே வெளியான, நம்பத்தக்க நூலோ இதழோ சான்றாக வேண்டும். இவ்விதி கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வரலாற்றை எவ்வாறு பாதிக்கின்றது என்பதற்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தக்க எடுத்துக்காட்டாகும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்பன கோரிக்கைகளுட் சில. துரைமார் முன்னிலையில் மிதிவண்டியில் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார்.

இந்நிகழ்வை ஆராய்வோர் பெரிதும் நாடுவன குடியேற்ற ஆட்சியின் கோப்புகளும் அவற்றை ஒட்டியெழுந்த ஆங்கில நூல்களுமே. பங்குகொண்ட குடும்பங்களின் நினைவு அச்சேறாதவரை களஞ்சியத்திற்கு அது சான்றாகாது. நாதன் பணியாற்றிய, 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழும் 2019இல் நின்றுவிட்டது. பிரிக்பீல்ட்சில் 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் வரலாற்றைக் காட்டக் கட்டடமும் இல்லை.

விதியைத் தளர்த்துமாறு கோருவது இதற்குத் தீர்வாகாது. ஆதாரமற்ற செய்தி களஞ்சியத்தின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். முதலில் ஆய்வு அச்சேற வேண்டும். தமிழாசிரியர் தத்தம் பள்ளியின் பதிவேடுகளையும், கோயில்களின் குடமுழுக்கு மலர்களையும், முதியோரின் வாய்மொழிகளையும் ஆண்டு, இடம் சுட்டித் தொகுத்து ஆய்விதழ்களில் வெளியிடுவாராயின் அவை மேற்கோளாகும் தகுதி பெறும். களஞ்சியக் கட்டுரை அதன்பின் எழுதப்படலாம். வாய்மொழியாகச் சொல்லவல்லோர் குறைந்துவரும் இக்காலத்தில் இப்பணியைத் தள்ளிப்போடுவதற்கில்லை. நாம் எழுதாவிடின், நம் வரலாறு பிறர் கோப்புகளின் வழியாகவே அறியப்படும்.