மீளும் படை: வளரி பற்றிய ஓர் ஆராய்ச்சி

எறிந்தவன் கைக்கே மீளும் படைக்கலம் என்பது பழங்கதைகள் பலவற்றுள் காணப்படும் கருத்தாகும். சேதுநாட்டுக் கடற்கரை ஊராகிய வாலிநோக்கத்தின் பெயரைக் கேட்ட அளவில் வாலியும் அவன் மார்பில் தைத்த இராமன் அம்பும் நம் நினைவிற்கு வருகின்றன. வாலிவதைக்கு முன்னர் ஏழு மராமரங்களைத் துளைத்த அம்பு மீண்டு வந்தது என வான்மீகியாரும் கம்பரும் கூறுவர். சூரனைப் பிளந்த வேல் முருகன் கைக்கு மீண்டதைக் கந்தபுராணம் பாடும். சேதுநாட்டிலும் அதனை அடுத்த சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளிலும் வழங்கிய வளரியும் இவ்வாறே மீளும் படை எனப் பேசப்படுகின்றது. இது வரலாறா, கதையா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒப்புநோக்கத் தக்கது வடபுல ஐரோப்பியரின் மியொல்னிர் என்னும் சம்மட்டியாகும். இடிக்கடவுளாகிய தோரின் படை அது. குறி தவறாது, எவ்வளவு தொலைவு எறியினும் கைக்கு மீளும் என்று 13ஆம் நூற்றாண்டில் ஐசுலாந்தில் வாழ்ந்த சுனோரி என்னும் அறிஞர் தம் எட்டா நூலில் எழுதினார். குள்ளர் அதனை வடிக்குங்கால் உலோகி என்பான் ஈயுருக் கொண்டு இடையூறு செய்தமையின் அதன் கைப்பிடி குறுகிற்று என்பதும் அந்நூற் செய்தியே. அச்சம்மட்டி கதையில் மட்டும் நின்றதன்று. அதன் வடிவில் செய்த சிறு பதக்கங்கள் அகழ்விடங்களிற் பல கிடைத்துள்ளன. தென்மார்க்கு நாட்டில் 2014இல் வெளிப்பட்ட ஒன்றில், இது சம்மட்டி என்றே எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது.

வளரியோ மனிதர் கையில் வழங்கிய மெய்யான படை. வளைதடி எனவும் இதனைக் கூறுவர். பிறை வடிவினது, ஒரு முனை மற்றதனினும் கனத்திருக்கும். வன்மரத்தாற் பெரும்பாலும், இரும்பாற் சிறுபான்மையும் செய்யப்பட்டது. இலேசான முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சுழற்றி எறிவர். சின்ன மருதுவிடம் இதனை எறியக் கற்ற ஆங்கிலப் படையலுவலர் சேம்சு வெல்சு, 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில், தேர்ந்தவன் கையினின்று நூறு கசத் தொலைவுக்குள் இது குறி தவறாது செல்லும் என்று எழுதியுள்ளார். கண்டவரும் கற்றவருமாகிய அவர் அதன் தொலைவையும் குறியையும் வியந்தாரேயன்றி அது மீண்டது என அவ்விடத்துக் கூறவில்லை. 1909இல் வெளிவந்த தர்சுட்டன் நூலிலும், புதுக்கோட்டைத் திவான் தந்த விளக்கம் எறிதலின் விசையையே சிறப்பித்துரைக்கின்றது.

படையின் அமைப்பும் இதற்கு அரண் செய்கின்றது. சுழன்று மீளும் தடி இலேசானதாயும் காற்றால் உந்தப்படும் சிறகு போன்ற குறுக்குவெட்டு உடையதாயும் இருத்தல் வேண்டும். பகைவனை வீழ்த்தும் தடிக்கோ கனம் வேண்டும். இலக்கில் தாக்கிய பின்னர் மீளுதற்குரிய விசை அதனிடம் எஞ்சாது. ஆகவே வளரியைத் தாக்கும் எறிதடி எனக் கோடலே பொருந்தும். மாயவன் கன்றைக் குணிலாக வீசி விளங்கனியை வீழ்த்திய செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுதலின், எறிதடியின் வழக்கு தமிழகத்தில் தொன்மையானது என்பதும் தெளிவாம்.

அங்ஙனமாயின் வளரியின் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. தோரின் சம்மட்டியை மணமகளின் மடியில் வைத்து மணத்தைப் புனிதமாக்கும் வழக்கினை வடபுலப் பழம்பாடல் ஒன்று காட்டும். கள்ளர் மணத்திலும் இருவீட்டாரும் வளரியை மாற்றிக் கொண்டனர் எனத் தர்சுட்டன் குறித்துள்ளார். இவ்விரண்டும் ஒன்றினின்று மற்றொன்று தோன்றியன அல்ல. குடியைக் காத்த படை, அக்குடி தழைக்கும் மங்கல நாளிலும் முன்னிற்றல் வேண்டும் என மாந்தர் இருவேறு நாடுகளில் எண்ணினர் என்பதே நம் கருத்து.

1801 அக்டோபர் 24இல் மருது இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு திசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிவிக்கை தென்னாட்டு மக்கள் படைக்கலம் தாங்குதலைத் தடுத்தது. களத்தினின்று நீங்கிய வளரி பூசையறையிற் புகுந்து, ஆயுதபூசை நாளில் மட்டும் துலக்கப்படும் பொருளாயிற்று. எறிவார் அருகிய காலத்தே அதனைப் பற்றிய கதைகள் வளர்தல் இயல்பு. ஆயினும் மீண்டது எனப் புனைந்துரைப்பதனினும், மீளாது எனத் தெரிந்தே கைப்படையை வீசிவிட்டு வெறுங்கையராய்ப் பகைவர்முன் நின்றார் மறத்தை உள்ளவாறு உரைத்தலே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பாகும்.