பிள்ளைகள் வராத ரயில்



திருவருகைக் காலத்தின் கடைசி நாட்கள் இவை. வீடுகளில் பலகாரச் சட்டி அடுப்பேறியிருக்கும். யார் யாருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப் போட்ட கணக்கு ஒன்று தவறிப்போன ஓர் ஊரின் கதையை இன்று சொல்லலாம் என்றிருக்கிறேன். அமெரிக்க வரலாறு என்றதும் வாஷிங்டன், லிங்கன் என்று பெரிய பெயர்கள்தாம் நமக்கு நினைவுக்கு வருகின்றன. இந்தக் கதையில் வருகிறவர்கள் கடைச் சிப்பந்தியும் விவசாயிகளும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும்தான்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட் என்று ஓர் ஊர். அன்று அங்கே ஏறக்குறைய 12,000 பேர் இருந்தார்கள். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. 1941 டிசம்பர் 17 அன்று, நெப்ராஸ்கா தேசியக் காவல் படையின் 'டி' கம்பெனி ரயிலில் அவ்வழியே போகிறது என்ற செய்தி ஊருக்குள் பரவியது. அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகள். சும்மா இருப்பார்களா? கேக், பழம், சிகரெட், கடிதம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சுமார் ஐந்நூறு பேர் குளிரில் நிலையத்தில் காத்து நின்றார்கள்.

ரயில் வந்தது. 'டி' கம்பெனிதான். ஆனால் கான்சாஸ் மாநிலத்து 'டி' கம்பெனி.

அந்த ஒரு நிமிடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மகனுக்காகச் சுட்ட கேக் ஒரு தாயின் கையில் இருக்கிறது. சன்னலில் தெரிகிற முகமோ முன்பின் அறியாத முகம். கேக்கை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். "நம் பிள்ளை வரும்போது கொடுத்துக்கொள்ளலாம்" என்று எடுத்து வைத்தால் அதில் பாவமும் இல்லை. மேடையில் நின்றவர்களும் கொஞ்சம் தயங்கத்தான் செய்தார்கள். பிறகு யாரோ ஒருவர் கையை நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். கொண்டுவந்ததெல்லாம் கான்சாஸ் பையன்களுக்குப் போயிற்று.

கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண் இருந்தார். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். தம் உடன்பிறந்தவரைப் பார்க்கத்தான் அவரும் வந்திருந்தார். மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த வழியாகப் போகிற எல்லா ரயிலையும் நாம் இப்படி வரவேற்றால் என்ன, சம்பளம் இல்லாமல் நானே பொறுப்பேற்கிறேன் என்பது அதன் சாரம். ஒரு வாரத்தில், கிறிஸ்து பிறப்பு விழா அன்றே, நிலையத்தில் வேலை தொடங்கிவிட்டது.

அது நீராவி எஞ்சின் காலம். தண்ணீர் பிடிக்க ரயில் அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். அவ்வளவுதான் நேரம். அதற்குள் இளைஞர்கள் இறங்கி ஓடிவந்து காப்பி, பால், சாண்ட்விச், அவித்த முட்டை என்று வாங்கிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். அன்று பிறந்தநாள் காணும் வீரருக்கு ஒரு முழுக் கேக். பையன்களில் சிலர் பொய்யாகவும் பிறந்தநாள் சொல்லியிருப்பார்கள், கொடுத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இராணுவத்திலேயே கறுப்பர்களைத் தனிப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருந்த காலம் அது. இந்த மேசையில் அவர்களுக்கும் அதே காப்பி, அதே கேக்.

அரசாங்கப் பணத்தில் நடந்த வேலை அல்ல இது. அதிபர் ரூஸ்வெல்ட் 5 டாலர் அனுப்பினார் என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் மக்கள் கொடுத்தது. சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் இருந்த நாட்களில் தங்கள் பங்குச் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக் கேக் சுட்டார்கள். சுற்றுவட்டாரத்து 125 ஊர்கள் முறைவைத்து வந்தன. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் மற்றவர்களும் அதே சமையலறையில் வேலை செய்தார்கள். ஒரு சிறுவன் கால்நடைச் சந்தையில் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஏலம் விட்டான். எடுத்தவர்கள் காசைக் கொடுத்துச் சட்டையை அவனிடமே திருப்பித் தந்தார்கள். அடுத்த சந்தையில் அதே சட்டை மறுபடி ஏலத்துக்கு வந்தது! மகன் போரில் இறந்தான் என்ற செய்தி வந்த பிறகும் ஒரு தாய் அங்கே வேலைக்கு வந்து நின்றார். மற்றவர் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிமாறினார். இதை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

1946 ஏப்ரல் 1 வரை, ஒருநாளும் விடாமல் இது நடந்தது. பரிமாறியவர்கள் ஏறக்குறைய 55,000 பேர். பசியாறியவர்கள் 60 லட்சம் பேர்.

அந்த நிலையத்தை 1970-களில் இடித்துவிட்டார்கள். 2018 ஜூன் மாதம், பயிற்சி முடித்து ஊர் திரும்பிய ஆர்கன்சா மாநிலக் காவல் படையினர் ஏறக்குறைய 700 பேர் பேருந்துகளில் நார்த் பிளாட் வழியாகப் போனார்கள். ஊரார் மறுபடியும் மேசை போட்டுக் காத்திருந்தார்கள்.