ஒலிநாடாவில் நின்ற கரவொலி

ஒரு கச்சேரிக்கு ரசிகர் காட்டும் எதிர்வினை என்றால் கைதட்டல், ஆரவாரம், மறுநாள் நாளேட்டு விமர்சனம் என்ற அளவிலேயே எண்ணிப் பார்ப்பது வழக்கம். 1960களின் நடுவில் கலிபோர்னியாவில் தோன்றிய கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்களோ, கேட்டதைப் பதிவு செய்வது, படியெடுப்பது, தேதியும் ஊரும் எழுதி அடுக்கிவைப்பது, கேட்டவருக்குக் காசு வாங்காமல் கொடுப்பது என்று அந்த எதிர்வினையை ஏறக்குறைய கால் நூற்றாண்டு நீடித்த ஓர் உழைப்பாகவே ஆக்கிக்கொண்டார்கள். இக்குழுவின் வரலாறு இசைத்தட்டு நிறுவனங்களுக்குப் பட்டிருக்கும் கடனைவிட இந்த ரசிகர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

இவ்வகைக் குழுக்களை ஜாம் பேண்ட் என்பார்கள். ஜாம் என்பது எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பதன்று. மேடையில் ஒருவர் வாசிப்பதைக் காதில் வாங்கி மற்றவர் அதை வேறு பக்கம் கொண்டுசெல்ல, ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் செய்யும் கூட்டுக் கற்பனை அது. கர்நாடக இசையின் மனோதர்மத்துக்கு இது அருகில் வந்தாலும், ராக இலக்கணம் போன்ற வரம்பு இதற்கு இல்லை. 1965இல் பாலோ ஆல்டோ நகரில் ஜெர்ரி கார்சியா, பாப் வியர், ஃபில் லெஷ், பில் க்ரூட்ஸ்மன், ரான் மெக்கெர்னன் ஆகியோர் வார்லாக்ஸ் என்ற பெயரில் சேர்ந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் கிரேட்ஃபுல் டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். எழுத்தாளர் கென் கீஸி நடத்திய ஆசிட் டெஸ்ட் எனப்பட்ட இரவுக் கூட்டங்களில், எல்எஸ்டி என்னும் மயக்கப்பொருள் கலிபோர்னியாவில் இன்னும் தடைசெய்யப்படாதிருந்த அந்த மாதங்களில், அவர்கள் வாசித்தார்கள். அங்கே வாசிப்பவர், கேட்பவர் என்ற பிரிவினை கிடையாது. குழு நினைத்தபோது வாசிக்கும், நினைத்தபோது நிறுத்தும். பின்னாளில் பெரிய விளையாட்டரங்குகளில் வாசித்தபோதும், கூடத்தில் நடப்பதற்கு அங்கே கூடியிருப்பவர்கள் அனைவரும் பொறுப்பு என்ற எண்ணம் அவர்களை விட்டுப் போகவில்லை.

பாடல்கள் ஒரே நீளத்தில் நிற்காததற்கு டார்க் ஸ்டார் நல்ல சான்று. 1968இல் தனித்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்த அந்தப் பாடல், 1969இல் வெளியான லைவ்/டெட் என்ற இரட்டைத் தட்டில் ஒரு முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டு 23 நிமிடம் ஓடியது. ஓரிரவு கேட்டது மறுநாள் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தபின், கேட்டதைக் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்ற ஆசை ரசிகருக்கு எழுந்தது இயல்பு. 1971இல் வெளியான ஒரு தட்டின் உறையில் குழு தன் முகவரியை அச்சிட்டு, ரசிகர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதியனுப்பும்படி கேட்டுக்கொண்டது. வந்து குவிந்த கடிதங்களிலிருந்து ஓர் அஞ்சல் பட்டியல் உருவாகி, நாடெங்கும் சிதறிக் கிடந்தவர்கள் தங்களை டெட்ஹெட் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு கூட்டமாகத் திரளலானார்கள்.

கச்சேரியைப் பதிவு செய்பவருக்கு டேப்பர் என்று பெயர். எழுபதுகளின் தொடக்கத்தில் இது ஒளிந்து செய்யும் வேலையாகவே இருந்தது. கருவியை மேலங்கிக்குள்ளும் பைக்குள்ளும் மறைத்துக் கொண்டுவருவார்கள், குழுவின் மேடைப் பணியாளர்கள் கண்டுபிடித்தால் கம்பியைத் துண்டிப்பதும் உண்டு. அதே காலத்தில், முக்கியமாக நியூயார்க் பகுதியில், பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் சங்கங்கள் தோன்றின. 1974இல் அங்கே தொடங்கிய டெட் ரெலிக்ஸ் என்னும் சிற்றிதழ் இந்தப் பரிமாற்றத்துக்காகவே வெளிவந்து, பிறகு ரெலிக்ஸ் என்ற பெயரில் பொதுவான இசை இதழாக வளர்ந்தது.

இவ்வேலையின் நுணுக்கம் வெளியாருக்கு எளிதில் புலப்படுவதில்லை. எண்பதுகளில் ஒரு டேப்பர் உயரமான தாங்கியின் உச்சியில் இரண்டு ஒலிவாங்கிகளைப் பொருத்தி, தலைகளுக்கு மேலே உயர்த்தி நிறுத்தி, கீழே சோனி டிசி-டி5எம் போன்ற கையடக்கப் பதிவுக் கருவியின் அளவுமுள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சுற்றியிருக்கும் நண்பர்கள் பேசவோ ஒலிவாங்கிக்கு அருகில் கைதட்டவோ கூடாது என்று முன்பே கேட்டுக்கொள்வார். தொண்ணூறு நிமிட கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் ஓடும். கச்சேரியோ செட் எனப்படும் இரண்டு பகுதிகள் கொண்டது. இரண்டாம் பகுதியில் ஒரு பாடல் முடியாமலே அடுத்த பாடலுக்குள் நுழைந்துவிடுவதால் நாடாவைத் திருப்ப இடைவெளியே கிடைக்காது. அப்பகுதியின் நடுவில் இரு தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் டிரம்ஸ் என்ற நீண்ட பகுதி பலருக்குக் கைகொடுத்தது. அங்கே சில நொடிகள் விட்டுப்போனாலும் பாடல் அறுபடாது. வீடு திரும்பியபின் ஜே-கார்டு எனப்படும் கேசட் உறைத்தாளில் நாள், அரங்கு, ஊர், பாடல் வரிசை அனைத்தையும் நுண்ணிய எழுத்தில் எழுதி, நில்லாமல் அடுத்ததற்குள் சென்ற பாடல்களுக்கு நடுவே ஓர் அம்புக்குறி இடுவார்கள். கச்சேரியில் எங்கே கற்பனை பெருகியது என்பதை அந்தக் குறியே படிப்பவருக்குச் சொல்லிவிடும்.

படியெடுக்கும் முறைக்கும் தனி ஒழுங்கு இருந்தது. முதல் பதிவுக்கு மாஸ்டர் என்று பெயர். அதிலிருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதன் படி இரண்டாம் தலைமுறை, ஒவ்வொரு தலைமுறையிலும் நாடாவின் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். ஆகவே உறைத்தாளில் தலைமுறையை மறைக்காமல் எழுதுவது நேர்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. மாற்றிக்கொடுக்கத் தம்மிடம் ஒன்றும் இல்லாத புதியவர் வெற்று கேசட்டுகளையும் திருப்பியனுப்பும் அஞ்சல் செலவையும் அனுப்பினால் போதும். மூத்தவர் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து படியெடுத்து அனுப்புவார். மரம் என்ற ஏற்பாட்டில், வேரில் இருக்கும் ஒருவர் சிலருக்குப் படியெடுத்துக் கொடுக்க, கிளைகளான அவர்கள் தத்தமக்குக் கீழே இலைகளாக இருப்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். பணத்துக்கு விற்பது மட்டும் மன்னிக்க முடியாத குற்றம். கச்சேரி முடிந்தபின் அந்த இசை கேட்டவர்களையே சேரும் என்ற பொருள்பட கார்சியா கூறியிருந்தது இந்த நெறிக்கு அரணாக நின்றது.

ஒலிவாங்கித் தாங்கிகள் பெருகிக் காடுபோல் ஆனபோது சிக்கலும் வந்தது. கூடத்தின் ஒலியைச் சீர்செய்யும் பலகை இருக்குமிடத்தைச் சுற்றி ஒலி நன்றாகக் கேட்கும் என்பதால் டேப்பர்கள் அதற்கு முன்னால் குவிந்து, ஒலிப்பொறியாளரின் பார்வையையும் பின்னால் இருப்பவர்களின் பார்வையையும் மறைத்தார்கள். தடை விதிப்பதுதான் எந்த இசை நிறுவனத்துக்கும் முதலில் தோன்றும் வழி. குழு அதைச் செய்யாமல், 1984 அக்டோபரில் பெர்க்லி சமூக அரங்கில் நடந்த கச்சேரிகளிலிருந்து ஒலிப்பலகைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று தனியிடம் ஒதுக்கி, அதற்குத் தனி நுழைவுச்சீட்டும் விற்றது. கேட்பவரை நம்பியதில் இதற்கு இணையான முடிவு அக்கால இசை வணிகத்தில் அரிது.

கூடத்தில் எடுத்த பதிவில் ஒலிப்பலகைப் பதிவில் இல்லாத ஒன்று உண்டு. ஒலிப்பலகையிலிருந்து நேரே எடுத்ததில் ஒவ்வொரு வாத்தியமும் துலக்கமாகக் கேட்கும், கூட்டமோ எங்கோ தொலைவில் இருப்பதுபோல் மங்கிவிடும். சேகரிப்பாளர்கள் பலர் அதையே உயர்வாக மதித்து மற்றதை ஒதுக்கினார்கள். அது குறுகிய மதிப்பீடு. ரசிகரின் எதிர்வினையே வரலாற்று ஆவணமாக நிற்பது கூடத்தில் எடுத்த பதிவில்தான். 1978 டிசம்பர் 31 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கு மூடப்பட்ட இரவில், அந்நகரில் டார்க் ஸ்டார் கேட்டு 1535 நாள் ஆகிவிட்டது என்று எழுதிய பதாகையை ரசிகர்கள் தொங்கவிட்டார்கள். 1974 அக்டோபர் 18இலிருந்து எண்ணினால் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. குழு அன்றிரவு அதை வாசித்தது. பிறகு 1984 ஜூலையில் ஒருமுறை வாசித்து ஐந்தாண்டுக்கு மேல் அதைத் தொடாமலிருந்து, 1989 அக்டோபர் 9 அன்று வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில், முன்னாள் வார்லாக்ஸ் என்ற மறைபெயரில் அறிவிக்கப்பட்ட கச்சேரியில் மீண்டும் எடுத்தது. கூடத்தில் எடுத்த பதிவில், தொடக்கச் சுரங்கள் சில ஒலித்ததுமே கூடம் முழுவதும் எழுந்த கூச்சல் அடுத்து வரும் வாசிப்பையே மூழ்கடிக்கிறது. இந்தப் பாடல் கேட்டவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை எந்த விமர்சனமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ரசிகர்களின் ஈடுபாடு செவியோடு நிற்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் காது கேளாத ரசிகர்களுக்கும் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டு, சைகைமொழி பெயர்ப்பாளர்கள் பாடல்களை எடுத்துரைக்க, அவர்கள் பலூன்களைக் கையில் பிடித்து அவற்றின் அதிர்வின் வழியே இசையை உணர்ந்தார்கள். டிரம்ஸ் பகுதிக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். அவர் 1991இல் வெளியிட்ட பிளானட் டிரம் தொகுப்பில் ஜாகிர் உசேனோடு கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் வாசித்தார், உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருது அதற்கே கிடைத்தது.

1987இல் டச் ஆஃப் க்ரே பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தபின் புதியவர்கள் பெருந்திரளாக வந்தார்கள். அரங்குக்கு வெளியே வாகன நிறுத்துமிடத்தில் கூடும் சந்தைக்காக வந்து சீட்டு இல்லாமல் சுற்றித் திரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1995 ஜூலை 2 அன்று இந்தியானா மாநிலத்தின் டீர் க்ரீக் அரங்கில் வேலியை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே புகுந்ததால் மறுநாள் கச்சேரி ரத்தானது. ஒரு வாரத்தில், ஜூலை 9 அன்று, சிகாகோவில் குழு கடைசியாக வாசித்தது. ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறந்தார். முப்பது ஆண்டில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நடந்திருந்தன. பதிவுக்கு இசைவளிக்கும் வழக்கத்தை 1983இல் வெர்மான்ட்டில் தோன்றிய ஃபிஷ் முதலான குழுக்கள் தொடர்ந்தன. கிரேட்ஃபுல் டெட்டின் ஆவணங்கள் 2008இல் சாண்டா க்ரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டன.

இந்த உழைப்பின் அளவைக் காட்ட ஒரே ஒரு பதிவின் கதை போதும். 1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பழைய ராணுவப் பயிற்சிக் கூடமான பார்ட்டன் ஹாலில் குழு வாசித்ததை, அதன் பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் ஒலிச்சுருளில் எடுத்திருந்தார். அதில் ஸ்கார்லெட் பெகோனியாஸ் என்ற பாடல் ஃபயர் ஆன் த மவுண்டன் என்ற பாடலுக்குள் கரைந்து செல்லும் இடத்தை இக்குழுவின் உச்சங்களில் ஒன்றாக எண்ணற்ற ரசிகர்கள் கருதுகிறார்கள். கேன்டர்-ஜாக்சன் கிடங்கில் வைத்திருந்த சுருள்கள் 1986இல் வாடகை நிலுவைக்காக ஏலம் போயின. அவற்றில் பல ரசிகர்களின் கைக்கு வந்து, ஈரத்தில் பழுதானவை பொறுமையாகச் சீர்செய்யப்பட்டு, கேசட்டு கேசட்டாக நாடெங்கும் பரவின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க பதிவுகளுக்கான 2011ஆம் ஆண்டுத் தேசியப் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்தபோது, அது எந்த நிறுவனமும் வெளியிட்டிராத பதிவாகவே இருந்தது. அதிகாரப்பூர்வமான தட்டு 2017இல்தான் விற்பனைக்கு வந்தது.