அடைக்காயிலிருந்து 'அரேக்கா' வரை: ஒரு தொட்டிப்பனையின் பெயர் வரலாறு

கொச்சியிலும் சென்னையிலும் வீட்டுக் கூடங்களிலும் அலுவலக முகப்புகளிலும் பரவலாக வளர்க்கப்படும் தொட்டிப்பனைகளுள் ஒன்றை நாற்றுப்பண்ணையினர் 'அரேக்கா பாம்' என்கின்றனர். அச்செடி மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பகுதிக்கு உரியது. அதன் பெயரோ தென்னிந்தியச் சொல்லொன்றின் திரிபு. ஒரு மரத்துக்குரிய சொல் கடல் கடந்து சென்று, வேறொரு மரத்தின் பெயராகத் தான் புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்துள்ளது. இப்பயணத்தின் முதன்மையான இடங்களுள் ஒன்று கொச்சி.

பாக்கைக் குறிக்கும் 'அடைக்காய்' என்னும் சொல் தமிழில் பழமையானது. மலையாளத்தில் அது 'அடைக்க' என நிற்கிறது. போர்த்துக்கேய மொழியில் நாவளை ஒலிகள் இல்லை. உயிர்களுக்கு இடையில் மெலிந்து ஒலிக்கும் டகரம் போர்த்துக்கேயர் செவியில் ரகரமாக விழுந்தது. 'அடைக்க' என்பது 'அரேக்கா' ஆயிற்று. 1563இல் கோவாவில் அச்சான தம் உரையாடல் நூலில் மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மலபாரில் இக்காய் 'பாக்' எனப்படுவதாகவும் நாயர்கள் அதனை 'அரேக்கா' என்பதாகவும் குறித்துள்ளார். 'பாக்கு', 'அடைக்காய்' ஆகிய இரு சொற்களும் ஒரே பதிவில் இடம்பெற்றிருப்பது மொழியியலாளர்க்கு அரிய சான்றாகும்.

இவ்விரண்டும் காயின் பெயர்கள் என்பது கருதத்தக்கது. மரத்துக்குத் தமிழில் 'கமுகு', மலையாளத்தில் 'கவுங்ஙு' எனத் தனிப்பெயர் உண்டு. இவ்வேறுபாட்டைச் செம்மையாகப் பதிவு செய்த நூல் கொச்சியில் உருவானது. 1663இல் டச்சுக்காரர் போர்த்துக்கேயரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1670களில் மலபாரின் டச்சு ஆளுநராக விளங்கிய ஹென்ட்ரிக் வான் ரீட், இப்பகுதித் தாவரங்களைத் தொகுக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அதன் விளைவான 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி தென்னையில் தொடங்குகிறது. அடுத்துக் கமுகும் பனையும் கூந்தற்பனையும் வருகின்றன. அங்குக் கமுகின் தலைப்பு 'கவுங்ஙு' என்னும் மரப்பெயரே; காயின் பெயரன்று.

இத்துல்லியத்துக்குக் காரணமானோர் உள்ளூர் வைத்தியர்கள். இடக்கொச்சிக்குத் தெற்கே அரூர்ப் பாலத்தைக் கடந்தால் சேர்த்தலை வட்டம் தொடங்குகிறது. அவ்வட்டத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்தவர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கொங்கணி அந்தணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் அப்பணியில் ஈடுபட்டனர். இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20 அன்று கோலெழுத்தில் எழுதிய சான்றுரையும் கொங்கணியர் நாகரி எழுத்தில் எழுதிய சான்றுரையும் முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன. செடியின் பெயரோடு அதைச் சொன்னவரின் பெயரும் அவரவர் எழுத்திலேயே நூலில் நின்றது.

லின்னேயஸ் 1753இல் கமுகுக்கு அறிவியற்பெயர் இட்டபோது இந்நூலின் படங்களைச் சுட்டினார். ஆயினும் பேரினப் பெயராக அவர் கொண்டது 'கவுங்ஙு' அன்று. ஐரோப்பிய வணிகத்தில் வேரூன்றியிருந்த 'அரேக்கா'. காயின் பெயர் இவ்வாறு மரத்தின் பெயராயிற்று. பின்னர், கமுகை ஒத்த பல நாட்டுப் பனைகளும் 'அரேக்கா' என்னும் பேரினத்துள் திணிக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களில் கண்ணாடிக் கூடங்களும் தொட்டிப்பனைகளும் பெருகியபோது, மடகாஸ்கர்ப் பனையும் 'அரேக்கா' என்ற பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் வென்ட்லாண்ட் 1878இல் அதனைக் 'கிரிசலிடோகார்ப்பஸ்' என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தார். 1995இல் அது 'டிப்சிஸ்' பேரினத்துக்கு மாற்றப்பட்டு, 2022இல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. வணிகப்பெயர் மட்டும் இம்மாற்றங்களுள் எதற்கும் அசையவில்லை.

பெயர் ஒன்றாயினும் வளர்ப்புமுறை ஒன்றன்று. கமுகு ஒற்றைத் தண்டுடையது. குருத்து அழுகினால் மரமே மடியும். இளங்கன்றுக்கு நிழல் வேண்டும். வளர்ந்தபின் அது கூரையை விஞ்சி உயரும். தொட்டியில் வளரும் மடகாஸ்கர்ப் பனையோ அடியிலிருந்து பல தண்டுகளை விட்டுப் புதராகச் செழிப்பது. ஒரு தண்டு பட்டாலும் பிற தண்டுகள் பிழைக்கும். சன்னலருகே வடிகட்டிய வெளிச்சமும், மேல்மண் சற்றே உலர்ந்தபின் நீரும், தொட்டியின் அடியில் நீர் வடியும் துளையும் அதற்குத் தேவை. நீர் தேங்கினால் வேர் அழுகும். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றும் மண்ணில் சேரும் உப்பும் இலைநுனியைக் கருக்கும். 'அரேக்கா' என்ற சொல்லை நம்பிக் கமுகின் வளர்ப்பறிவை இச்செடிக்குப் பொருத்துவது பயன் தராது.

இவ்வரலாறு ஆய்வுநெறி பற்றிய வினா ஒன்றையும் எழுப்புகிறது. இன்றைய தாவரப் பட்டியல்கள் பலவற்றில் 'வட்டாரப் பெயர்' என்பது ஒரு நிரலாக மட்டுமே நிற்கிறது. அது மரத்தின் பெயரா, காயின் பெயரா, எந்த ஊரில் யார் வழங்கியது என்னும் குறிப்புகள் பெரும்பாலும் அங்கு இல்லை. மூன்றரை நூற்றாண்டுக்கு முன், குடியேற்ற வணிக நிறுவனமொன்றின் அதிகாரி தொகுத்த நூல் தகவலாளரின் பெயரையும் சான்றுரையையும் நாளையும் தாங்கி நிற்கிறது. அந்நூலின் நோக்கம் வணிக நலனைச் சார்ந்தது. அதிகாரம் ஒருபுறமே இருந்தது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் 'கவுங்ஙு' வேறு, 'அடைக்க' வேறு என்பதை இன்று சரிபார்க்க முடிவது அந்தப் பதிவுமுறையால்தான். களப்பணியில் ஒரு பெயரைக் குறிக்கும் மாணவர் உறுப்பு, ஊர், சொன்னவர் ஆகிய மூன்றையும் அவர் இசைவுடன் உடன்குறித்தால், அச்சொல் அடுத்த தலைமுறைக்கும் சான்றாக நிற்கும்.