கிற்றாரைக் கண்டு முகம் சுளித்த காலம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எமது ஊர்களில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு கிற்றார் வாங்கினால் போதும். அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் பேச்சுத் தொடங்கிவிடும். "பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள். நம்முடைய காலத்தில் இப்படியெல்லாம் இருந்ததா?" என்று கேட்பார்கள். இருந்தது. 1960களிலும் 70களிலும் இலங்கையின் தமிழ் பேசும் ஊர்களில் இதே பேச்சு இருந்தது. அன்று திட்டு வாங்கிய பாட்டுகளைத்தான் இன்று சுற்றுலா பஸ்ஸில் பெரியவர்களே கை தட்டிப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்பதைப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க நினைத்தோம்.

இசை கூடுமா கூடாதா என்பது இந்தப் பதிவின் விடயமல்ல. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். நாம் இங்கே பேசுவது வரலாறு.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பாட்டு என்றால் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டுத்தான். கொஞ்சப் பேர் கர்நாடக சங்கீதம் கேட்டார்கள். எமது வீடுகளில் நாகூர் ஹனிபாவின் குரல் கேட்டது. பேசாலை, வங்காலை போன்ற கத்தோலிக்க ஊர்களில் கூத்தும் வாசாப்பும் இருந்தன. இந்த நாட்டுப் பையன் ஒருவன் வீட்டில் பேசுகிற தமிழிலேயே பாட்டுக் கட்டி, கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையில் ஆடிப் பாடுவான் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

அதைச் செய்தவர்களில் முன்னோடி என்று சொல்லப்படுபவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்த காலத்தில் பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே' அவருடைய பாட்டு. ஆரம்பத்தில் அவருக்குப் பின்னால் படக் கம்பனி இல்லை, முதலாளி இல்லை. கூடப் படித்த பையன்கள்தான் முதல் ரசிகர்கள்.

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஏ.ஈ. மனோகரன். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றார்கள். தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்' என்றால்தான் தெரியும். 'சுராங்கனி'யை ஊரெல்லாம் பாட வைத்தவர் அவர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இவர்கள் பாடிய மேடைகள் எவை? பெரிய நகரங்களில் உள்ளது போன்ற இசைக் கிளப்புகள் எமது பக்கங்களில் இருக்கவில்லை. அந்த வேலையைச் செய்தவை பாடசாலை விழா, விளையாட்டுக் கழக ஆண்டு விழா, கோயில் திருவிழா, காணிவெல். ஒலிபெருக்கி வாடகைக்கு வரும். மேடை பலகையாலும் பீப்பாவாலும் எழும்பும். பாட்டுப் பிடித்திருந்தால் அடுத்த ஊர்க்காரர் வந்து கூப்பிடுவார். பிடிக்காவிட்டால் அதோடு சரி. இசைத்தட்டுப் போடுவது எல்லோருக்கும் எட்டுகிற காரியமல்ல. 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்தது. ஆகவே ஒரு பாட்டு நிலைக்குமா இல்லையா என்பதைச் சனம் மேடைக்கு முன்னால் நின்றே தீர்மானித்தது.

மேடையில் பிடித்துப்போன பாட்டை நாடு முழுக்கக் கொண்டு போனது இலங்கை வானொலி. எமது சமூகத்தவரான பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரல்களோடு இந்தப் பாட்டுகள் வீடுகளுக்குள் வந்தன. கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்டன. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா 'சுராங்கனி'யைப் பயன்படுத்தினார். சென்னையிலிருந்து இங்கே பாட்டு வந்துகொண்டிருந்த காலத்தில், இங்கிருந்து ஒரு பாட்டு அங்கே போனது சின்ன விடயமல்ல.

அப்படியானால் பெரியவர்கள் ஏன் முகம் சுளித்தார்கள்? நீண்ட முடி, பெல்பொட்டம், இடுப்பை அசைக்கும் ஆட்டம், மாமியையும் மச்சாளையும் மேடைக்கு இழுக்கும் பேச்சு. பாட்டு என்றால் இலக்கணச் சுத்தமான தமிழில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சிதான். ஆனால் நித்தி கனகரத்தினம் பாடியவற்றைக் கவனித்துக் கேளுங்கள். ஒன்று சூதாட்டம் வேண்டாம் என்கிறது. இன்னொன்று கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்கிறது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் சேர்ச்சிலும் சொல்லும் புத்திமதியைத்தான் அவர் கிற்றாரோடு சொன்னார். உடுப்பைப் பார்த்தவர்கள் திட்டினார்கள். பாட்டைக் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே யோசித்தார்கள்.

அதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்திலும் இப்படி ஒரு கதை நடந்தது. அமெரிக்காவில் 'ஷொக் ரொக்' என்று ஒரு வகை இசை உண்டு. முகத்தில் கறுப்பு மை, மேடையில் சவப்பெட்டி, பொய்த் தூக்குமரம் என்று பார்ப்பவரைப் பயமுறுத்துவதே அதன் பாணி. அதில் பேர் போனது அலிஸ் கூப்பர் குழு. அவர்கள் தொடங்கியதும் ஒரு பாடசாலை மேடையில்தான். 1964இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், பாடசாலைத் திறமை நிகழ்ச்சிக்காகப் பீட்டில்ஸ் போல விக் மாட்டிக்கொண்டு ஏறிய பையன்கள் அவர்கள். பிறகு அந்த நகரத்து இளைஞர் கிளப்பில் வாராவாரம் வாசித்துப் பழகினார்கள். 1967இல் லொஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். அங்கே ஆரம்பத்தில் இவர்கள் வாசிக்க, சனம் எழும்பிப் போனதும் உண்டு.

1969இல் ரொறன்ரோவில் நடந்தது பாடமாக எடுக்க வேண்டிய விடயம். மேடைக்கு ஒரு கோழி வந்துவிட்டது. கோழி பறக்கும் என்று நினைத்துப் பாடகர் அதைச் சனத்துக்குள் எறிந்தார். அங்கே அது செத்துப்போனது. அதுவே போதிய அளவு கொடுமை. ஆனால் அவர் கோழியின் தலையைக் கடித்து இரத்தம் குடித்தார் என்றுதான் கதை பரவியது. அவர் அதை மறுத்தார். ஆனாலும் அந்தக் கதைதான் அவரைப் பிரபலமாக்கியது. தீர விசாரிக்காமல் திட்டியவர்களே இலவசமாக விளம்பரமும் செய்து கொடுத்தார்கள்.

இனி எமது கரைக்கு வருவோம். பொப் பாட்டுகளின் துள்ளல் பைலாவிலிருந்து வந்தது. போர்த்துக்கீச மொழியில் பைலா என்றால் ஆட்டத்தோடு தொடர்புடைய சொல். அந்தப் போர்த்துக்கீசர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். அவர்களின் காலத்திலும் பின்னரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். அவர்களின் மஞ்ஞாப் பாட்டும் போர்த்துக்கீசக் காப்பிரிஞ்ஞாவும் பைலாவுக்கு அடித்தளம். 1940களில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் பாடிப் பரப்பினார். பிறகு அது தமிழுக்கும் வந்தது. ஆகவே "வெளிநாட்டுக் கூத்து" என்று நாம் ஒதுக்கிய தாளம், கோட்டைக்காரரோடு எமது வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை இங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எமது மன்னார் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். கைக்குக் கிடைத்த துணிமணியோடு போனவர்கள் றேடியோவையும் கசற்றையும் போட்டோ அல்பத்தையும் எப்படிக் கொண்டு போவது? எந்த ஊர் மேடையில் யார் பாடினார்கள், யார் ட்ரம்ஸ் அடித்தார்கள் என்பதற்கான சாட்சிகள் பல வீடுகளில் அப்படியே விடுபட்டுப் போயின. எமது தலைமுறை வளர்ந்தது அகதி முகாம்களில். பைலாத் தாளத்தின் பழைய வீடான சிறாம்பியடி பக்கத்திலேயே இருந்தும், அதன் கதையை எமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதை எழுதுவதன் காரணமும் அதுதான். நித்தி, மனோகரன் போன்றவர்களின் பெயர் எப்படியோ தங்கிவிட்டது. எருக்கலம்பிட்டியிலும் தலைமன்னாரிலும் பேசாலையிலும் முருங்கனிலும் மேடை கட்டியவர், ஒலிபெருக்கி தூக்கியவர், ஒரே ஒரு விழாவில் பாடிவிட்டு நிறுத்தியவர், இவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதை அறிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஆசிரியர் கலாசாலையில் நாம் படித்த ஒரு பாடம் இதற்கு உதவும். வரலாறு கேட்கப் போகும்போது "அந்தக் காலம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எந்த மேடை, எந்த ஆண்டு, யார் யார், யார் திட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இந்த விடுமுறையில் மாணவர்கள் தங்கள் மூத்தவாப்பா, உம்மும்மாவிடம், அயல்வீட்டுத் தமிழ்த் தாத்தா பாட்டியிடம் இப்படிக் கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கிற்றாரோடு ஒரு பையன் வந்தால், திட்டுவதற்கு முன் அவன் என்ன பாடுகிறான் என்று ஒரு தடவை கேளுங்கள். பாட்டில் பிழை இருந்தால் அந்தப் பிழையைச் சொல்லித் திருத்துங்கள். கேட்ட பிறகு சொல்லும் சொல்லைத்தான் பிள்ளைகள் மதிப்பார்கள்.